முள்ளும் குருக்களும்

1

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. நிலம் முதன்முதலாகச் சபிக்கப்பட்ட நாள்தொட்டு இன்றுவரை எந்த வேத அறிஞரும் துணிந்து சொல்லாத ஓர் உண்மை இந்தக் கதையில் வெளியாகிறது. வாசகர்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. படுத்துக்கொண்டு படிப்பவர்கள் மட்டும், விஷயத்தின் கனம் கருதி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து உட்கார்ந்துகொள்ளலாம்.

உண்மை இதுதான்: ஒரு கட்டுரையில் ஒரு 'ளு' கூடிவிட்டது.

கதை பிறந்த விதத்தையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களைக் கேட்டால் நெஞ்சில் விதை விழுந்தது, பல வருஷம் ஊறியது என்பார்கள். எனக்கு எதுவும் ஊறவில்லை. என் மனைவி போகும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு எழுபத்தைந்து வயது ஆனது. அதற்கு ஒரு மலர் போட்டார்கள். மலர் என்றால் நூற்று அறுபது பக்கம், அதில் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி. மீதிப் பக்கங்களுக்கு 'வேதத்தில் தாவரங்கள்' என்று ஒரு தலைப்பு வைத்து ஆளுக்கொரு செடியைப் பங்கு போட்டார் ஆலயச் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அவர்; தொலைபேசியில்கூட வருகைப் பதிவு எடுப்பார்.

நான் மூன்று நாள் தாமதமாகப் பேசினேன். அதற்குள் திராட்சை பாடகர் குழுத் தலைவருக்குப் போய்விட்டது. ஒலிவத்தைப் பல் மருத்துவர் எடுத்துக்கொண்டார். கேதுரு மரம், ஆலயத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவருக்கு. அத்தி மரத்தைச் செயலாளர் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன்.

“முட்செடி ஒண்ணுதான் இருக்கு. உங்க வாய்க்குப் பொருத்தமா இருக்கும்.”

மலர் என்று ஒன்று இருந்தால் முள் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். ஒத்துக்கொண்டேன்.

2

இந்தக் கதையின் முதல் வரியை நான் முதலில் இப்படி எழுதினேன்:

“அச்சகத்தின் மங்கிய வெளிச்சத்தில், சிவப்புப் பேனாவோடு குனிந்திருந்த அந்தப் பெண்ணின் கண்ணோரம் ஒரு துளி—”

அடித்துவிட்டேன். அந்த அறையில் நாலு குழல்விளக்கு எரிகிறது, வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. கண்ணோரத் துளி பற்றிச் சொல்வதானால், அந்தப் பெண் அழுது நான் பார்த்ததில்லை. அவள் திருத்திய தாளைப் பார்த்து ஒரு வழக்கறிஞர் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து: “மெய்ப்பு என்பது என்ன? மெய்யை நோக்கிய மானுடத்தின் முடிவில்லா—”

இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை மேடையில் படிப்பார்கள், முன்வரிசையில் தூங்குவார்கள்.

மூன்றாவதாக எழுதியது நிற்கட்டும்: என் மச்சினி, அதாவது என் மனைவியின் தங்கை, ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறாள். அச்சுக்குப் போகுமுன் தாளில் வரும் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவது அவள் வேலை. முதலாளி முதல் தாள் அடுக்குபவர் வரை அங்கே எல்லாரும் அவளை 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறார்கள். அந்த ஊதியத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. மற்ற அச்சகங்கள் மெய்ப்புப் பார்க்கும் ஆளை அனுப்பிவிட்டுக் கணினியை நம்ப ஆரம்பித்து நாளாகிவிட்டதால், இந்த நாற்காலி போனால் அவளுக்கு வேறு நாற்காலி கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இந்த நாற்காலியைப் பற்றியது.

இந்தக் கதையையும் அவள்தான் மெய்ப்புப் பார்க்கிறாள். அவள் ஓரத்தில் எழுதும் குறிப்புகளை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

[மெய்ப்புக் குறிப்பு: நிபந்தனை இரண்டு. கடைசியில் என்னை அழவைக்கக் கூடாது என்பது இரண்டாவது. அத்தானுக்கு மறதி அதிகம்.]

3

கட்டுரையை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். குறும்பே இல்லாமல் எழுதினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பல் மருத்துவரின் ஒலிவத்தைவிட நன்றாக உழைத்தேன்.

வேதத்தை முள்ளைத் தேடிப் படித்துப் பாருங்கள், புதிய புத்தகம்போல இருக்கும். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மனிதனுக்கு நிலம் தரப்போகும் விளைச்சல் என்று முதலில் சொல்லப்படுவது முள்ளும் குருக்கும். குருக்கு என்பது இலை, தண்டு, காய் என்று எல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு களைச்செடி. பேச்சில் யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பிரசங்கத்தில் கேட்டால் தலையாட்டுவோம், அர்த்தம் கேட்க மாட்டோம். இந்தக் கதையில் இந்த ஒரு சொல் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிறகு எரிந்தும் கருகாத செடி. அதுவும் முட்செடி. சுற்றிலும் எத்தனையோ மரம் இருக்க, கடவுள் பேச வந்த இடம் அது. பெரிய மரங்களுக்கு அழைப்பிதழே போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மரங்களின் தேர்தல். மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவம், அத்தி, திராட்சை மூன்றும் மாட்டேன் என்கின்றன. எண்ணெய்க்கும் பழத்துக்கும் ரசத்துக்கும் யார் பொறுப்பு என்று கேட்கின்றன. வேலை இருக்கிறவர்கள் பதவிக்கு வருவதில்லை. கடைசியில் முட்செடியைக் கேட்கிறார்கள். அது உடனே சம்மதிக்கிறது. முதல் அறிக்கையும் விடுகிறது: எல்லாரும் என் நிழலில் வந்து தங்குங்கள். முட்செடிக்கு ஏது நிழல்? நான் இதுவரை உட்கார்ந்த குழுக்கள் அத்தனையும் என் கண்முன் வந்து போயின.

(இந்த இடத்தில் விதைக்கிறவன் உவமையில் வரும் முள்ளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கவலையும் செல்வமும் நல்ல விதையை நெரிக்கும் முட்கள் என்பதற்கு அங்கேயே விளக்கம் இருக்கிறது. விளக்கம் உள்ள இடத்தில் நான் எதற்கு?)

ஞானி ஒருவர் மூடனுடைய சிரிப்பைப் பானைக்கடியில் எரிகிற முள்ளின் படபடப்புக்கு ஒப்பிடுகிறார். கிண்டல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கொடுமையான மதிப்புரை கிடையாது. படித்தபின் இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள், பானையும் கொதிக்க வேண்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம், சபைகளுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலரின் முள். உடம்பில் ஒரு முள் என்கிறார்; மூன்று முறை மன்றாடியும் அது எடுக்கப்படவில்லை என்கிறார். என்ன முள் என்று சொல்லவில்லை. கண் நோய் என்கிறார்கள் சிலர், காய்ச்சல் என்கிறார்கள் சிலர். என் மனைவியிடம் கேட்டேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கும் என்றாள். அப்போது அவள் தங்கையோடு தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள்.

[மெய்ப்புக் குறிப்பு: இதை அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன்.]

கடைசியாக முட்கிரீடம். நிலத்துக்கு வந்த சாபம் ஒரு தலைமேல் ஏறியது என்று குருமார்கள் அழகாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அதைச் செய்தவர்கள் வேலை நேரத்தில் பொழுதுபோகாத சிப்பாய்கள். ராஜா என்று சொல்லிக்கொள்கிறவனைக் கிண்டல் செய்ய முள்ளை வளைத்துக் கிரீடம் பின்னினார்கள், மேலங்கி போர்த்தினார்கள், மண்டியிட்டு வணங்கினார்கள். என் தொழில்தான். பெரிய பேச்சைக் குத்திக் காற்றை இறக்குவது. நல்ல கைவேலை, சரியான நேரம், ஆள்தான் தப்பு. இந்தப் பத்தியை எழுதியபிறகு என் மேஜைமேல் இருந்த பேனாவைக் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தேன்.

இவ்வளவுக்கும் நடுவே, குருக்குச் செடியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். மலரில் அது நாற்பத்தொன்றாம் பக்கம்.

4

(இந்தப் பகுதியில் ஆலயக் குருவானவரின் தோற்றம், நடை, குரல், அவர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள் ஆகியவற்றை விரிவாக வருணித்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் கையால்தான் திருவிருந்து வாங்க வேண்டியிருக்கிறது என்று நினைவூட்டினாள். எனவே பகுதி 4 இல்லை.)

5

மலர் அச்சானது மச்சினி வேலைபார்க்கும் அச்சகத்தில்தான். அது வெளியாகிப் பத்தாம் நாள் அச்சக முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்கமாக ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று துணுக்கு இல்லை. மலரில் பெரிய தப்பு நடந்திருக்கிறதாம். குருவானவர் மிகவும் மனம் வருந்தியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் அவர் அறைக்கு வர வேண்டுமாம்.

“யார் பண்ணினதுன்னு தெரியட்டும். அந்த ஆள அதுக்கப்புறம் நான் வேலையில வச்சிருக்க மாட்டேன், சார்.”

என்ன தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்டபோது, செயலாளர் தொலைபேசியில் இருமியதோடு சரி என்றார்.

நான் மலரை எடுத்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சில் வந்தபின் நான் என் கட்டுரையைப் படித்திருக்கவில்லை. பொருளடக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.

நான் எழுதியது: “முள்ளும் குருக்கும் சாபத்தின் அடையாளம்.” அச்சாகியிருந்தது: “முள்ளும் குருக்களும் சாபத்தின் அடையாளம்.”

நான் எழுதியது: “குருக்கு நல்ல நிலமாகப் பார்த்துத்தான் வரும்.” அச்சாகியிருந்தது: “குருக்கள் நல்ல நிலமாகப் பார்த்துத்தான் வருவார்கள்.”

தூரத்திலிருந்து பார்த்தால் குருக்கள் அழகாக இருப்பார்கள். ஓரிடத்தில் வேர்விட்டுவிட்டால் குருக்கள் இலேசில் போக மாட்டார்கள். குருக்களிடம் வெறுங்கையோடு போகக் கூடாது. குருக்கள்மேல் கழுதைகளுக்கு மட்டும் ஏனோ தனிப் பிரியம்.

பதினோர் இடம். ஒன்றுகூடத் தவறவில்லை.

முதலில் சிரித்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து, மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பிப் போனாள். சிரிப்பு அடங்கியதும் ஒரு பொறாமை வந்தது. இருபத்தாறு வருஷமாகக் கிண்டல் எழுதுகிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. பொறாமை அடங்கியதும்தான் அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. குருக்கு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிராத மச்சினி, ஏதோ எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துச் சேர்த்திருக்கிறாள். பாவம், வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும்.

6

அச்சகத்தில் அவள் அறை தாள்கட்டுகளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு மேஜை, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கடியில் சந்தி விதிகள் எழுதிய ஓர் அட்டை. வாசகத்தின்மேல் ஒரு மரக்கோலை வைத்து, வரிவரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படிப்பாள். நான் நுழைந்தபோது ஏதோ மருந்துக் கம்பெனியின் துண்டுப்பிரசுரம் அவள் கோலுக்கடியில் இருந்தது.

நான் வரும் வழியிலேயே வசனத்தைத் தயார் செய்திருந்தேன். நீ எதற்கும் பயப்படாதே, அதை நான் வேண்டுமென்றே எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன், என்னைப் பற்றி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்கு இனிமையாகக் கேட்டது.

அவள் கோலை அடுத்த வரிக்கு இறக்கினாள். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். அந்தச் சொல் உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தப்பு நடப்பது சகஜம் என்றேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இழுப்பறையிலிருந்து மலரை எடுத்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

“அத்தான், எழுவாய் மட்டுமா மாறியிருக்கு? பயனிலையப் பாருங்க.”

பார்த்தேன். குருக்கு வரும், குருக்கள் வருவார்கள். குருக்கு போகாது, குருக்கள் போக மாட்டார்கள்.

“எழுத்து ஒண்ணு தெரியாம விழலாம். வினைமுற்று தானா மாறுமா? தப்புப் பண்றவளுக்குத் திணை பார்க்க எங்க நேரம்?”

அவள் மலரை மூடி வைத்தாள்.

“அது தப்பு இல்ல. திருத்தம்.”

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை போனது. பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வாக்கியத்தைத் தவிர வேறெதையும் தொடாத பெண் இப்படிச் செய்வாளா? இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் அடித்திருப்பேன். எதிரில் உட்கார்ந்திருந்ததால் அடிக்க முடியவில்லை.)

காரணத்தையும் சொன்னாள். மலரின் முதல் பக்கத்துக்குக் குருவானவர் ஒரு செய்தி எழுதி அனுப்பியிருந்தார். அதில் பதினாலு இடத்தில் ஒற்றுப் பிழை. பதினாலையும் திருத்தி அனுப்பினாள். பதினாலையும் பழையபடி மாற்றி, ஓரத்தில் பச்சை மையால் எழுதி அனுப்பினார்: இவை ஆவியானவர் தந்த வாக்கியங்கள், மனிதக் கை படக் கூடாது.

எங்கள் வீட்டில் உண்மையான விசுவாசி அவள் ஒருத்திதான். ஆலயத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் உள்ள பிழையைக்கூட ஞாயிற்றுக்கிழமை என்பதால் பென்சிலால்தான் திருத்துவாள்.

“அவருக்குச் சந்தி தெரியலேன்னா பரவாயில்ல. பழிய ஆவியானவர்மேல போட்டாரே, அதத்தான் பொறுத்துக்க முடியல.”

இது மரியாதைக் குறைவு இல்லையா என்று கேட்டேன். நான் கேட்கக்கூடிய கேள்வி இல்லைதான்.

“அஃறிணைய உயர்திணை ஆக்கியிருக்கேன். இதுல மரியாதைக் குறைவு எங்க இருக்கு?”

சரி, நடந்தது நடந்துவிட்டது, வெள்ளிக்கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“பழியவா, பேரையா?”

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு என்னிடம் நாலு பதில் இருந்தது. நாலும் எழுத்தில் நன்றாக வரக்கூடியவை. அங்கே ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் வீட்டிலிருந்து கிளம்புமுன்பே, இந்தப் பக்கத்தை என் அடுத்த தொகுப்பில் எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டிருந்தேன்.

“பத்தொன்பது வருஷத்துல நானா எழுதினது அந்தப் பதினோரு இடந்தான். அதையும் நீங்க எடுத்துக்கணுமா?”

வேலை போய்விடும் என்று சொன்னேன். முள்ளின்மேல் சேலை விழுந்தாலும் சேலையின்மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்று பழமொழியும் சொன்னேன். அந்தப் பழமொழியைச் சொன்னவன் சேலை கட்டினவன் இல்லை, கட்டினவளாக இருந்தால் கிழியாமல் எடுக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள் என்றாள். பிறகு மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாக்களை ஒரே நீளத்துக்கு அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கி முடித்ததும் கலைத்து, மறுபடி அடுக்கினாள்.

“பயமாத்தான் இருக்கு, அத்தான்,” என்றாள், பேனாக்களைப் பார்த்தபடியே.

7

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். ஒரு வரைவில் நான் அவள் முன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டேன்.

[மெய்ப்புக் குறிப்பு: கேட்கவில்லை.]

இன்னொரு வரைவில், குருவானவரை ஒரு தனிமையான மனிதராகக் காட்டி, வாசகர்களுக்கு அவர்மேல் இரக்கம் வரும்படி ஒரு சாளரம், ஒரு மாலைநேரம், ஒரு பழைய கடிதம் எல்லாம் வைத்தேன். நன்றாக வந்தது. பொய்யாகவும் வந்தது.

உண்மையில் அந்த மூன்று நாளும் நடந்தது வீட்டுச் சண்டைதான். தங்கையை வாயைத் திறக்காதே என்றாள் என் மனைவி. என்னையும் திறக்காதே என்றாள். இரண்டு முள்ளும் சும்மா இருந்தால் யார் காலிலும் குத்தாது, தானே போய்ப் பக்குவமாகப் பேசி முடிக்கிறேன் என்றாள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. குருவானவர் கேட்டால் ஆம் என்பேன், கேட்காமல் போனால் நானே சொல்வேன், பொய் சொல்லிக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார முடியாது என்றாள். பிடிவாதத்தில் நீ யாரைப்போல என்று அக்கா கேட்க, உன்னைப்போல என்று தங்கை சொல்ல, அதற்குமேல் நடந்தது தமிழில் எழுதத்தக்கதுதான், ஆனால் இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள்.

நான் வெள்ளிக்கிழமை அவளுக்கு முந்திக்கொண்டு எழுந்து, நான்தான் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவளுடைய நாற்காலிக்காகவா, அந்தப் பக்கத்துக்காகவா என்று கேட்காதீர்கள். அவள் கேட்டதே போதும்.

8

குருவானவரின் அறையில் நன்கொடையாக வந்த மூன்று சுவர்க்கடிகாரங்கள் உண்டு. கொடுத்தவர்கள் மூவரும் சபையின் முக்கியஸ்தர்கள் என்பதால் எதையும் கழற்ற முடியாது. மூன்றின் முள்ளும் மூன்று நேரம் காட்டின. பத்து மணிக்கு நாங்கள் உள்ளே போனோம்; அல்லது பத்தேகாலுக்கு; அல்லது ஒன்பது ஐம்பதுக்கு.

மேஜைக்கு அந்தப் பக்கம் குருவானவர். பக்கத்தில் செயலாளர், கையில் ஒரு பதிவேட்டோடு. இந்தப் பக்கம் அச்சக முதலாளி, மச்சினி, நான். என் மனைவி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். யாராவது மயங்கி விழுந்தால் உள்ளே வருவதாக ஏற்பாடு.

குருவானவர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு மலரைக் கையில் எடுத்து, இதற்குக் காரணமானவர் தாமாக முன்வந்து சொன்னால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். கோபமே இல்லாத குரல். அந்தக் குரலில்தான் அவர் ஆட்களை இடமாற்றம் செய்வார்.

நான் எழுவதற்காகக் கையை நாற்காலியில் ஊன்றினேன். ஐம்பது தாண்டிய முட்டி. அது நிமிர்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“நான்தாங்க ஐயா.”

குருவானவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீங்களா? படத்தத் திருப்பிப் போட்டது நீங்களா?”

மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். அதில் அவருடைய முழுப்பக்கப் படம். சபையைக் கையுயர்த்தி ஆசீர்வதிக்கிறார். படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருந்தது. எழுபத்தைந்தாம் வருஷத்துச் சபை முழுவதையும் அவர் இடது கையால் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். இதுதான் தப்பு. மலர் வெளியானதிலிருந்து அவரைத் தூங்கவிடாத தப்பு இதுதான்.

அச்சக முதலாளி தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். பக்க அமைப்பு எப்போதும் அவருடைய வேலை. முகம் புத்தகத்தின் உள்பக்கம் பார்த்தால்தான் அழகு என்று திருப்பிப் போட்டிருக்கிறார். ஆகவே, யார் செய்தாலும் வேலையைவிட்டு அனுப்புவேன் என்று சொன்ன ஆளும் செய்த ஆளும் ஒருவரே.

வாசகர்களே, இப்போது நிலைமையைப் பாருங்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை. செயலாளர் தன் அத்தி மரத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அவள், “மன்னிச்சுக்கங்க ஐயா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்” என்று உட்கார்ந்தால் போதும். நாற்காலி பத்திரம். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். காலால் அவள் நாற்காலியை மெல்லத் தட்டினேன். வராந்தாவிலிருந்து என் மனைவி இருமினாள்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“படம் இல்லீங்க ஐயா. நாப்பத்தொண்ணாம் பக்கம்.”

முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அறையில் இரண்டாவதாக ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் முதல் குற்றவாளிக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை அன்றுதான் கண்டேன். டீச்சர் என்ன செய்துவைத்தாலும் அதற்கு அச்சகம் பொறுப்பில்லை, இன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன் என்று, என்ன செய்தாள் என்று தெரியுமுன்பே சொன்னார்.

குருவானவர் கையமர்த்தினார். வலது கையால். பக்கத்தைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

9

அவர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கேயே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஒரு முடிவு தயாராக இருக்கிறது: குருவானவர் கழுதை வரி வந்ததும் வாய்விட்டுச் சிரிக்கிறார், எழுந்து அவள் கையைப் பிடித்து, பதினாலு ஒற்றையும் போட்டுக் கொடுங்கள் என்கிறார். மறுபதிப்பு வருகிறது. வாசகர்கள் நெகிழ்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட குருவானவர் இருந்திருந்தால் கதையே வந்திருக்காது.

இன்னொன்று: அவர் மலரை மூடுகிறார், முதலாளி தலையசைக்கிறார், அவள் திரும்பி வந்து தன் பேனாக்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடி மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாள். இது நம்பும்படி இருக்கிறது. ஆனால் நிபந்தனை இரண்டு குறுக்கே நிற்கிறது.

மூன்றாவதில் நான் எழுந்து, அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், எழுதியது நானே என்று முழங்குகி—

[மெய்ப்புக் குறிப்பு: அத்தான்.]

சரி. மூன்றாவதில் நான் எழவில்லை. யாருடைய பக்கம் அது என்று தெரிந்துவிட்டபின் எழுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அவள் நின்றாள். நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். என் முட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

எனவே, மதிப்புக்குரிய வாசகர்களே, முடிவை உங்களிடம் விடுகிறேன். ஓர் ஆள் தன் தொழிலைப் பற்றி, தான் படித்து ஊழியம் செய்து வயதான ஒரு வாழ்க்கையைப் பற்றி, பதினோர் இடத்தில் முள் குத்துவதை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். எதிரில் ஒரு பெண் தன் நாற்காலியைப் பணயம் வைத்து, தன் எழுத்தை முதன்முதலாக ஒருவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் என்ன சொல்வார் என்பதைவிட, இந்த மூன்று நிமிடம் பெரியது. இதற்குமேல் நான் எழுதினால் அது என் கதை ஆகிவிடும். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

[மெய்ப்புக் குறிப்பு: கைப்பிரதியில் விடுபட்ட வரி சேர்க்கப்பட்டுள்ளது. குருவானவர் பக்கத்தைக் கடைசிவரை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.]